சுருள் சுற்றுகிறவர்களுக்கு: திருகோணமலைத் துறைமுகப் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மோட்டர் சுற்றும் அண்ணைமாருக்கும், லேத் பட்டறைக்காரருக்கும், உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பவியல் படிக்கும் தம்பி தங்கையருக்கும்,

எரிந்துபோன தண்ணீர்ப் பம்பைக் கொண்டுவந்து வைத்தால், கருகிய கம்பியை வெட்டி, பழைய சுற்றை எண்ணி, புதுச் செப்புக் கம்பி சுற்றி, வார்ணிஷ் ஊற்றிக் காயவைத்து ஓடவிட்டுக் கொடுப்பவர்கள் நீங்கள். கிண்ணியாவின் வயல் பம்பும் உப்புவெளி ஹோட்டலின் மின்விசிறியும் உங்கள் கையால்தான் மறுபடி சுழல்கின்றன. ஆனால் பக்கத்துக் கராஜுக்கு ஒரு ஜப்பானியக் காரின் ஸ்டியரிங் பழுதாகி வந்தால் கதை வேறு. எச்சரிக்கை விளக்கு எரிகிறது, ஸ்டியரிங் இறுகுகிறது, கணினியைச் செருகிப் பார்த்தால் முறுக்க உணரியில் பிழை என்று காட்டுகிறது. உடனே முழு ஸ்டியரிங் தண்டையும் கழற்றிவிட்டு, கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இன்னொரு பழையதை வரவழைத்துப் பூட்டுகிறார்கள். கழற்றியது பழைய இரும்போடு போகிறது. அதற்குள் என்ன இருந்தது என்று திறந்து பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்?

பல வகைகளில் உள்ளே இருப்பது செப்புச் சுருள்தான். நீங்கள் நாள்தோறும் சுற்றும் அதே எனாமல் கம்பி, இன்னும் மெல்லியதாக. அதே பொபின், இன்னும் சிறியதாக. ஒரு தண்டு எவ்வளவு முறுக்கப்படுகிறது என்பதை, ஓடும் தண்டில் கைவைக்காமல், காந்தப்புலத்தால் அறிந்து சொல்வது அதன் வேலை. கப்பலின் உந்துதண்டைச் சுற்றியும், மின்சார உதவியுள்ள சைக்கிளின் மிதி அச்சிலும் இதே குடும்பத்துக் கருவிகள் இருக்கின்றன. இந்த மடல் உங்களிடம் சொல்லவருவது இதுதான்: அந்தக் கருவி சரியாகச் சொல்லுமா, பிழையாகச் சொல்லுமா என்பதில் பெரும்பங்கு, பின்னால் பூட்டும் மின்னணுப் பலகைக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. சுருளை எப்படி வகுத்தார்கள், எவ்வளவு ஒத்ததாகச் சுற்றினார்கள் என்பதே அதைத் தீர்மானிக்கிறது. அது உங்கள் தொழில். அதை நீங்கள் இன்னும் உங்களுடையதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதே இந்த மடலின் மனக்குறை.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு வெண்கட்டியை எடுத்து, இரு முனையையும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். வெட்டியதுபோல் நேராக அது உடையாது. அச்சுக்கு 45 பாகை சரிந்த சுருள்வெட்டாக உடையும். முறுக்கும்போது தண்டின் மேற்பரப்பில் ஒரு சரிவுத் திசை இழுபடுகிறது. அதற்குச் செங்குத்தான மறுசரிவு நெருக்கப்படுகிறது. வெண்கட்டிக்கு இழுவை தாங்காது, பிளந்துவிடுகிறது. உருக்குத் தண்டு தாங்கிக்கொள்கிறது, ஆனால் அதன் காந்தக் குணம் அந்த இரு சரிவுகளிலும் இருவிதமாக மாறிவிடுகிறது.

இது புதிய செய்தியும் அல்ல. இரும்பைக் காந்தமாக்கினால் அதன் நீளம் மிகச் சிறிதளவு மாறுவதை 1842இல் ஜேம்ஸ் ஜூல் கண்டார். 1865இல் இத்தாலியரான எமிலியோ வில்லாரி மறுபக்கத்தைக் காட்டினார்: இரும்பை இழுத்தால் அது காந்தமாகும் விதம் மாறுகிறது. பொதுவான உருக்குகளில் இழுபட்ட சரிவில் காந்தப்பாயம் சற்று இலகுவாக ஓடும். நெருக்கப்பட்ட சரிவில் சற்றுத் தடைப்படும். அந்தச் ‘சற்று’ எவ்வளவு என்று கேட்பதே உணரிச் சுருளின் பிழைப்பு.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டியிருக்கும் பலநாள் படகு ஒன்றை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள். தண்டின் விட்டம் 50 மில்லிமீற்றர், முறுக்கம் 500 நியூற்றன் மீற்றர், நிமிடத்துக்கு 600 சுற்று என்று கொள்வோம். அந்தத் தண்டு கடத்தும் வலு ஏறத்தாழ 31 கிலோவாற்று, அதாவது 42 குதிரைவலு. இவ்வளவு வேலை செய்யும்போதும் மேற்பரப்பில் விழும் தகைப்பு 20 மெகாபஸ்கால் அளவுதான்; ஒரு மீற்றர் நீளத்தில் தண்டு முறுகுவது அரைப் பாகைக்குச் சற்று அதிகம். சாதாரண உருக்கில் இதனால் சுருளின் தூண்டுதிறனில் ஏற்படும் மாற்றம் ஒரு சில சதவீதத்துக்குள் அடங்கிவிடும். முழுச் சுமைக்கும் வெறுஞ்சுமைக்கும் இடையே உங்களுக்குக் கிடைக்கும் மொத்தச் சொத்தே அந்தச் சில சதவீதம்தான்.

இப்போது உங்கள் கைக்கு வருவோம். சுருளின் தூண்டுதிறன் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தோடு போகும். 200 சுற்று சுற்றவேண்டிய இடத்தில் 202 சுற்றிவிட்டால் தூண்டுதிறன் 2 சதவீதம் கூடிவிடும். பம்பு மோட்டரில் இந்த இரண்டு சுற்றை யாரும் கேட்கப்போவதில்லை. அது ஓடும், தண்ணீர் இறைக்கும், வாடிக்கையாளர் காசு தருவார். உணரியில் அதே இரண்டு சுற்று, நீங்கள் அளக்கவந்த முறுக்கத்தையே விழுங்கிவிடும் அளவுக்குப் பெரியது. ‘கொஞ்சம் கூடினால் பரவாயில்லை’ என்று பட்டறையில் நாள்தோறும் கேட்கும் பேச்சு இந்த வேலைக்குள் நுழையக் கூடாது.

இதெல்லாம் ஜப்பானுக்கும் ஜேர்மனிக்கும் உரிய சங்கதி, திருமலைக்கு எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்களைப் பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல், 400 மொத்தத் தொன்னுக்கு மேற்பட்ட சர்வதேசச் சரக்குக் கப்பல்கள் தங்கள் சக்தி வினைத்திறன் சுட்டெண்ணைக் காட்டியாக வேண்டும் என்பது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதி. பழைய கப்பல்கள் பல, எஞ்சினின் அல்லது தண்டின் வலுவுக்கு உச்சவரம்பு வைத்துத்தான் அந்த விதிக்குள் வருகின்றன. தண்டு வலுவுக்கு வரம்பு வைக்கிற கப்பலில், தண்டின் முறுக்கத்தையும் சுற்றுவேகத்தையும் அளக்கும் உணரிகள் இருந்தே தீரவேண்டும். மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பலும் சீமெந்து ஆலைக்குக் கிளிங்கர் கொண்டுவரும் கப்பலும் இந்த விதிக்கு வெளியே இல்லை. அந்தக் கருவி உங்கள் இறங்குதுறையில் நிற்கும்போது பழுதுபட்டால், அதன் உள்ளே நடப்பதை விளங்கிக்கொள்ளக்கூடிய ஒருவர் ஊரில் இருக்கிறாரா?

அளவுக்கு மீறிய தகைப்பின் விலையை இந்தக் குடா ஒருமுறை பார்த்திருக்கிறது. 1944 ஆகஸ்ட் 8ஆம் திகதி, திருகோணமலையில் இருந்த மிதக்கும் உலர்துறையில் பிரித்தானியப் போர்க்கப்பல் ‘வேலியன்ட்’ ஏற்றப்பட்டிருந்தது. துறையின் நீர்த்தாங்கிகளைப் பிழையான ஒழுங்கில் வெறுமையாக்கியதில் இரு முனைகளிலும் அளவுக்கு மீறிய தகைப்பு விழுந்து, துறை முதுகொடிந்து மூழ்கியது. கப்பலின் உள்பக்க உந்திகள் இரண்டும் ஒரு சுக்கானும் இறுகிப்போயின. நேராக ஓடமுடியாமல் தட்டுத்தடுமாறிச் சூயஸ் வரை போன அந்தக் கப்பலின் உள்தண்டுகளைக் கடைசியில் சுழியோடிகள் தண்ணீருக்கடியில் வெட்டி எடுக்கவேண்டியதாயிற்று. அது காந்த உணரியின் கதை அல்ல. ஆனால் தண்டும் தகைப்பும் இந்த ஊருக்குப் புதிய பேச்சல்ல என்பதற்கு அது சாட்சி.

சரி, சுருளுக்குத் திரும்புவோம். ஒற்றைச் சுருளை வைத்து ஒருபோதும் தொடங்காதீர்கள். சூடு ஏறினாலும், தண்டு சற்று நகர்ந்தாலும், மின்வழங்கல் தளம்பினாலும் ஒற்றைச் சுருளின் வாசிப்பு மாறும். அந்த மாற்றத்துக்கும் முறுக்கத்தால் வந்த மாற்றத்துக்கும் வேறுபாடு காண வழியில்லை. பின்னால் எவ்வளவு விலையுயர்ந்த பெருக்கியைப் பூட்டினாலும் அது பிழையையும் சேர்த்தே பெருக்கும். ஆகவே ஒரு சுருள் இழுபடும் சரிவைப் பார்க்கட்டும், மற்றது நெருக்கப்படும் சரிவைப் பார்க்கட்டும். இரண்டையும் ஒரு பாலச் சுற்றில் எதிரெதிராகப் பூட்டுங்கள். முறுக்கம் வந்தால் ஒன்று கூடும், மற்றது குறையும், வித்தியாசம் இரட்டிப்பாகும். சூடு வந்தால் இரண்டும் சேர்ந்து கூடும், வித்தியாசத்தில் அது விழுந்துபோகும். பாடப்புத்தகத்தில் உவீத்சன் பாலம் என்று நீங்கள் வரைந்த அதே படம்தான். ஆனால் ஒரு நிபந்தனை: இரண்டு சுருளும் உண்மையிலேயே இரட்டையராக இருக்கவேண்டும். ஒரே உருளைக் கம்பி, ஒரே இழுவிசை, ஒரே சுற்று எண்ணிக்கை, ஒரே படை ஒழுங்கு. இந்த ஒற்றுமையைத் தருவது சூத்திரம் அல்ல, சுற்றுகிற கை.

1950களில் சுவீடனின் ஆசெயா நிறுவனத்தில் ஓர்வார் டாலே என்ற பொறியாளர் இதை அழகாகச் செய்துகாட்டினார். தண்டைச் சுற்றி மூன்று வளையங்கள், ஒவ்வொன்றிலும் உள்நோக்கிய காந்த முனைகள். நடு வளையத்தின் முனைகளுக்கு ஆடலோட்டம் போகும். இருபுறத்து வளையங்களின் முனைகள், நடு வளையத்தோடு நேராக நிற்காமல் அரை இடைவெளி தள்ளி நிற்கும். எனவே பாயம் தண்டின் தோலில் இரு சரிவுகளிலும் ஓடும். முறுக்கம் இல்லாதபோது எல்லாம் சமச்சீர். பக்க வளையங்களில் மின்னழுத்தம் எதுவும் எழாது. தண்டு முறுகியதும் சமநிலை குலைந்து சைகை எழும். டோர்டக்டர் என்ற பெயரில் அந்தக் கருவி ஆலைகளிலும் கப்பல்களிலும் வேலைக்குப் போனது. அதன் மேன்மை இன்னொன்றிலும் இருக்கிறது: முனைகள் தண்டைச் சுற்றி முழுவதும் பரந்திருக்கின்றன.

ஏன் அது மேன்மை என்பது லேத் வேலை செய்பவருக்கு உடனே பிடிபடும். எந்தத் தண்டும் மிகச் சரியான மையத்தில் சுழல்வதில்லை. சுருளுக்கும் தண்டுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீற்றர் என்றும், தண்டு பத்தில் ஒரு மில்லிமீற்றர் ஆடுகிறது என்றும் வையுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் சுருள் வைத்தால் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் 10 சதவீதம் கூடிக் குறையும். நீங்கள் தேடும் சைகை அந்த ஆட்டத்துக்குள் புதைந்துவிடும். தண்டை முழுவதும் சுற்றி வைத்தால் ஒரு பக்கம் நெருங்கும்போது எதிர்ப்பக்கம் விலகும். மிஞ்சும் பிழை ஏறத்தாழ அரை சதவீதத்துக்கு இறங்கிவிடும். பத்து சதவீதம் எங்கே, அரை சதவீதம் எங்கே! ஒரு சதத்துக்கும் புதுச் சில்லு வாங்காமல், சுருளின் வடிவத்தால் மட்டும் கிடைத்த ஆதாயம் இது.

இன்னொரு வழியை 1980களில் ஜப்பானில் ஹரடா, சசாடா ஆகியோர் முன்னெடுத்தார்கள். தண்டின் மேல் இரண்டு பட்டைகள். ஒன்றில் வலப்பக்கம் 45 பாகை சரிந்த கீற்றுகள், மற்றதில் இடப்பக்கம் சரிந்தவை. அவர்கள் பளிங்குருவற்ற காந்த உலோக நாடாவை அப்படிக் கீற்றுகளாக ஒட்டினார்கள். சரிவைத் தண்டே கொடுத்துவிடுவதால், மேலே சுற்றும் சுருள் சாதாரண நேர்ச்சுருளாக இருந்தால் போதும். பட்டறையில் இதைச் செய்ய மிக எளிய வழி, சோதனைத் தண்டில் சரிந்த பள்ளங்கள் போடுவது. அதற்கு மறுதலையாக, தண்டை வெறுமனே விட்டுவிட்டுச் சரிவைச் சுருளுக்குக் கொடுக்கலாம்: பிளாஸ்ரிக் பொபினில் 45 பாகை சரிந்த பள்ளங்கள் வெட்டி, அவற்றின் வழியே கம்பியை ஓட்டுவது. இப்படியான வடிவங்களை ஜப்பானியக் காப்புரிமைகளில் காணலாம். இன்று சில ஆய்வுகூடங்கள் கம்பியையே விட்டுவிட்டு, வளையக்கூடிய மெல்லிய அச்சுச் சுற்றுத் தாளில் சுருளை அச்சடித்துத் தண்டைச் சுற்றிப் போர்த்துகின்றன. அதில் ஒரு சுருளுக்கும் அடுத்ததற்கும் பெரிய வித்தியாசம் வராது. கைச்சுற்றுக்காரருக்கு அதுதான் போட்டி. ஆனால் கையால் சுற்றும்போது அதிகச் சுற்றுகள் கிடைக்கும், சைகையும் பெரிதாகும். முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருக்கும் பாடசாலை ஏதாவது பொபினை அச்சடித்துக் கொடுத்தால், மிகுதியைச் செய்ய உங்கள் விரல்கள் போதும்.

செப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் ஓர் எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள். ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் செப்பின் தடை 0.39 சதவீதம் கூடும். காலையில் 30 பாகையில் சரிபார்த்த சுருள் எஞ்சின் அறையில் 60 பாகைக்குப் போனால் தடை ஏறத்தாழ 12 சதவீதம் உயர்ந்துவிடும். சுருளுக்கு மாறா மின்னழுத்தம் கொடுத்தால் மின்னோட்டம் அதற்கேற்பச் சரியும். மாறா மின்னோட்டம் கொடுங்கள். பாதித் தலைவலி அங்கேயே தீரும். எந்த மீடிறனில் கொடுப்பது என்பதிலும் ஒரு பேரம் இருக்கிறது. 50 ஹேர்ட்சில் பாயம் சாதாரண உருக்கில் சில மில்லிமீற்றர் ஆழம் இறங்கும். 10 கிலோஹேர்ட்சில் கால் மில்லிமீற்றரோடு நின்றுவிடும். முறுக்கத் தகைப்பு மேற்பரப்பில்தான் உச்சம், ஆகவே உயர்ந்த மீடிறன் நல்லதுதான். ஆனால் லேத் உளி விட்டுப்போன தகைப்பும் கீறலும் துருவும் அதே தோலில்தான் இருக்கின்றன. மீடிறன் இன்னும் ஏறினால் சுற்றுகளுக்கு இடையேயுள்ள கொள்ளளவமும் நீண்ட வயரும் குறுக்கிடத் தொடங்கும். அதோடு இந்த ஊரின் உப்புக் காற்று. ஈரம் பிடித்த சுருளின் கொள்ளளவம் காலைக்கும் மாலைக்கும் ஒன்றாக இருக்காது. வார்ணிஷில் தோய்த்து அடுப்பில் உலர்த்தும் உங்கள் பழைய பழக்கம், மோட்டரை விட இங்கே அதிகம் பயன்படும்.

திருகோணமலைக்கென்றே ஒரு சங்கதியும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையையும் இலங்கையின் வடபகுதியையும் ஒட்டிப் போகிறது. ஆகவே இங்கே பூமியின் காந்தப்புலம் கீழ்நோக்கிச் சரியாமல் ஏறத்தாழக் கிடையாகவே கிடக்கிறது. அளவு சுமார் 40 மைக்ரோரெஸ்லா. தண்டிலேயே நிலையான காந்த வளையத்தைப் பதித்து, அதிலிருந்து கசியும் சிறு புலத்தை அளக்கும் உணரிகள் உண்டு. அமெரிக்கரான ஐவன் கார்ஷெலிஸ் வளர்த்தெடுத்த வகை. படகு வடக்கு நோக்கிப் போனால் பூமியின் புலம் தண்டின் வழியே போகும், கிழக்கே திரும்பினால் குறுக்கே வெட்டும். எஞ்சினில் எதுவும் மாறாமலே வாசிப்பு மாறிவிடும். முறுக்கத்தை அளக்கவேண்டிய கருவி திசைகாட்டி வேலை பார்த்தால் எப்படி? மருந்து மறுபடியும் சோடிதான்: எதிரெதிர்த் திசையில் காந்தமாக்கிய இரண்டு பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருள், வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். பூமியின் புலம் இரண்டுக்கும் பொதுவானது என்பதால் அது கழிந்துபோகும். வட ஐரோப்பாவில் அந்தப் புலத்தின் பெரும்பகுதி கீழ்நோக்கியே போகிறது. அங்கே சோதித்துச் சரியென்று அனுப்பிய கருவி இங்கேயும் அப்படியே நடக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

ஆசிரியர்களுக்கும் மாணவருக்கும் ஒரு குறை. தொழில்நுட்பத் துறை உயர்தரத்துக்கு வந்து பத்தாண்டு கடந்துவிட்டது. தூண்டல் பற்றிய கணக்கைப் பிள்ளைகள் போடுகிறார்கள், பரீட்சை எழுதுகிறார்கள், சித்தியும் அடைகிறார்கள். ஆனால் ஒரு சோடிச் சுருளைச் சுற்றி இரண்டின் வித்தியாசத்தை அளந்து பார்த்த பிள்ளையைத் தேடிப்பிடிக்கத்தான் வேண்டியிருக்கிறது. செயற்திட்டம் என்றால் கடையில் வாங்கிய உணரியையும் சிறு கணினிப் பலகையையும் இணைத்துத் திரையில் ஓர் எண்ணைக் காட்டுவதோடு முடிந்துவிடுகிறது. அந்த எண் உண்மையா என்று யார் கேட்கிறார்கள்? சந்தையில் மீன் வாங்கும் அம்மா தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறார். தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளை அந்த அம்மா அளவுக்காவது சந்தேகப்பட வேண்டாமா? ஐந்து நிமிட நடைதூரத்தில் சுருள் சுற்றும் பட்டறை இருந்தும், பாடசாலை அந்தப் படியை மிதிப்பதில்லை. பட்டறைக்காரரும் ‘அது படித்தவர்கள் வேலை’ என்று ஒதுங்கிவிடுகிறார். இந்த இரண்டு ஒதுக்கமும் சேர்ந்துதான் எல்லாவற்றையும் பஞ்சிகாவத்தைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

ஆகவே இந்த மடல் உங்களிடம் கேட்பது ஒரு சோதனைமேசை. லேத் பட்டறை ஒரு காந்த உருக்குத் தண்டைக் கடைந்து, ஒரு முனையை இறுக்கிப் பிடிக்கட்டும். மறுமுனைக்கு அருகே ஒரு தாங்கி, அதற்கு வெளியே சரியாக ஒரு மீற்றர் நீளமுள்ள கிடைப் புயம். மோட்டர் சுற்றுபவர் இரண்டு சோடிச் சுருள்களைச் சுற்றட்டும். மாணவர் பாலச் சுற்றைக் கட்டி, முத்திரையிட்ட படிக்கற்களைப் புயத்தில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு வாசிப்பை எழுதட்டும். தம்பி தங்கையரே, கணக்குப் போடும்போது புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுக்காதீர்கள், 9.81 என்றும் எடுக்காதீர்கள். பூமத்தியரேகைக்கு இவ்வளவு அருகில் அது 9.78. பத்துக் கிலோ தொங்கினால் முறுக்கம் 97.8 நியூற்றன் மீற்றர். 10 என்று எடுத்தால் சுருளைச் சுற்றுமுன்பே 2 சதவீதத்துக்கு மேல் பிழைவிட்டிருப்பீர்கள்.

கற்களை ஏற்றும்போது மட்டும் எழுதினால் போதாது, இறக்கும்போதும் எழுதுங்கள். அதே சுமைக்கு இரண்டு வாசிப்பும் ஒத்துவராது. அந்த இடைவெளி உருக்கின் பின்னடைவு. அதைச் சுருள் வடிவத்தால் முழுக்கத் தீர்க்கமுடியாது. தண்டைச் சூடேற்றிப் பதப்படுத்துவதும் நல்ல உருக்கைத் தெரிவதும்தான் வழி. பிறகு தண்டை விடுவித்து, சுமையே இல்லாமல் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். வாசிப்பு அலைபோல் ஏறி இறங்கினால் அது மையத்தின் பிழை, அல்லது உருக்கின் சீரின்மை. பிறகு சுருளுக்குப் பக்கத்தில் சூடான விளக்கை வையுங்கள். பிறகு மேசையையே வடக்கிலிருந்து கிழக்குக்குத் திருப்புங்கள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு பிசகியது என்று எழுதியபின், சுருளை அவிழ்த்து மறுபடி சுற்றுங்கள்.

சில எச்சரிக்கைகள். இதைப் படித்துவிட்டு யாரும் கையால் சுற்றிய சுருளை ஓடுகிற காரின் ஸ்டியரிங்கில் பூட்டிவிடாதீர்கள். அங்கே பிழை விட்டால் போவது உயிர். கழற்றிய பழைய ஸ்டியரிங் தண்டைத் திறந்து படியுங்கள், சுருள்களின் தடையைச் சோடி சோடியாக அளந்து ஒப்பிடுங்கள், அதோடு நிறுத்துங்கள். கடலுக்குப் போகும் தண்டில் சரிந்த பள்ளங்களும் போடாதீர்கள். பள்ளத்தின் அடியில் தகைப்பு குவியும், அங்கேதான் தண்டு முறியும். பள்ளம் சோதனைத் தண்டுக்கு மட்டும். படகில் வைக்க விரும்பினால் முதலில் தண்டில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். துருப்பிடிக்காத உருக்குத் தண்டுகளில் பலவற்றில் காந்தம் ஒட்டாது. அதில் எந்தச் சுருளாலும் ஒன்றும் கேட்கமுடியாது; காந்த உலோகத்தாலான உறையொன்றைத் தண்டில் இறுக்கினால்தான் உண்டு.

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. நகரத்தில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம் இருக்கிறது. அங்கே பௌதிகமும் பொறியியலும் கற்பிப்போரும் இந்த மடலின் முகவரியில் அடங்குவர். உங்கள் மாணவரைப் பட்டறைக்கு அனுப்புங்கள், பட்டறைக்காரரை உங்கள் ஆய்வுகூடத்துக்கு அழையுங்கள். வந்தவரை மேசையில் உட்காரவையுங்கள், வாசலில் நிறுத்தாதீர்கள். அலைகாட்டி உங்களிடம் இருக்கிறது. ஒரே இழுவிசையில் இருநூறு சுற்று சுற்றும் விரல் அவரிடம்தான் இருக்கிறது.

செலவென்று பார்த்தால் பெரிதாக எதுவும் இல்லை: ஓர் உருக்குத் தண்டு, சில நூறு கிராம் செப்புக் கம்பி, படிக்கற்கள், ஒரு மல்ட்டிமீற்றர், வளாகத்தில் இரவல் வாங்கும் ஓர் அலைகாட்டி. முதல் சோடி சரிவராது. இரண்டாவதும் வராமல் போகலாம். சுற்று எண்ணிக்கை, கம்பியின் தடிப்பு, ஒவ்வொரு சுருளின் தடை, அன்றைய வெப்பநிலை, விட்ட பிழை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியைத் தொழில் இரகசியம் என்று பூட்டி வைக்காமல் பக்கத்துப் பட்டறைக்கும் காட்டுங்கள்.